காற்றும் டெனிஸ் பந்தும்

முகத்துவாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. களனி கங்கை கடலோடு கலக்கும் வாயில் அமைந்திருப்பதால்தான் எமது ஊருக்கு இந்தப் பெயரே வந்தது. மே மாதம் பிறந்தால் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிடும். செப்டெம்பர் வரை அதன் ஆட்சிதான். கொடியில் காயப்போட்ட உடுப்பை அடுத்த வீட்டு முற்றத்தில் தேட வேண்டி வரும். மீன்பிடித் துறைமுகத்துப் படகுகள் கடலுக்குப் போவதா, கரையில் நிற்பதா என்பதையும் அந்தக் காற்றுத்தான் தீர்மானிக்கும்.

தமிழர் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்தவர்கள். வடக்கிலிருந்து வீசுவது வாடை, தெற்கிலிருந்து வீசுவது தென்றல், கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல், மேற்கிலிருந்து வீசுவது கோடை. எமது நாட்டுக் கடற்றொழிலாளர் பேச்சில் சோழகம், கச்சான் என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. இத்தனை பெயர்கள் அழகுக்காக ஏற்பட்டவை அல்ல. எந்தக் காற்று எப்போது வரும், வந்தால் தொழிலை என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டிய தேவையால் ஏற்பட்டவை. ஒரு டெனிஸ் வீராங்கனைக்கும் அதே அறிவு தேவைப்படுகிறது. எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த விடயத்தை நான் தேடிப் படிப்பதற்கு எங்கள் வீட்டில் எழுந்த ஒரு கேள்வியே காரணம். என் தங்கை பத்தாம் ஆண்டில் படிக்கிறாள். இரண்டு வருடமாக டெனிஸ் பழகுகிறாள். கடந்த ஆகஸ்டில் ஒரு சுற்றுப்போட்டியில், பயிற்சியில் பல தடவை தான் வென்ற ஒரு பிள்ளையிடம் தோற்றுவிட்டு வந்தாள். அன்று பின்னேரம் கடல்காற்று பலமாக இருந்தது. “காத்து மட்டும் இல்லாட்டி நான்தான் தாத்தா வென்றிருப்பேன்” என்று என்னிடம் சொல்லி அழுதாள். வாப்பா வேறொரு கணக்கில் இருந்தார். அடுத்த வருடம் சாதாரணதரப் பரீட்சை. பயிற்சிக் கட்டணமும் சும்மா இல்லை. “காற்றுக்குத் தோற்றாளா, திறமை இல்லாமல் தோற்றாளா? அதை முதலில் சொல்லுங்கள். பிறகு தொடர்வதா விடுவதா என்று யோசிப்போம்” என்றார். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை என்பதால் அந்தக் கேள்வி என் தலையில் வந்து விழுந்தது.

பந்தின் திணிவும் வளித்தடையும்

முதலில் பந்தைப் பார்ப்போம். விதிமுறைப்படி ஒரு டெனிஸ் பந்தின் திணிவு 56 கிராம் முதல் 59.4 கிராம் வரை இருக்கலாம். விட்டம் ஏறத்தாழ 6.7 சென்ரிமீற்றர். ஒரு கிரிக்கெட் பந்து இதைவிடச் சிறிதளவே பெரியது. ஆனால் அதன் திணிவோ 156 கிராமுக்குக் குறையாது. அதாவது காற்றுத் தள்ளுவதற்குக் கிடைக்கும் பரப்பு இரண்டிலும் ஏறத்தாழச் சமம், தள்ளப்படும் திணிவு டெனிஸ் பந்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. போதாததற்கு டெனிஸ் பந்தின் மேல் கம்பளி போன்ற உரோமம் வேறு. அது காற்றைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் கடற்கரையில் டெனிஸ் பந்தை வைத்துக் கிரிக்கெட் விளையாடும் சிறுவர்கள் உயரே அடித்த பந்து, பிடிக்க நிற்பவனைக் கேலி செய்வதுபோல வளைந்து வேறிடத்தில் விழுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு பொருள் வளியினூடாகச் செல்லும்போது அதன்மேல் ஏற்படும் தடை, வளி சார்பாக அப்பொருளுக்கு உள்ள கதியின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. செக்கனுக்கு 30 மீற்றர், அதாவது மணிக்கு 108 கிலோமீற்றர் கதியில் அடிக்கப்பட்ட ஒரு பந்தை எடுத்துக்கொள்வோம். காற்றே இல்லாத நாளிலும் அதன்மேல் உள்ள வளித்தடை அதன் சொந்த நிறையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இப்போது செக்கனுக்கு 5 மீற்றர், அதாவது மணிக்கு 18 கிலோமீற்றர் கதியில் எதிர்க்காற்று வீசுகிறது என்போம். சார்புக் கதி 35 ஆகிறது. 35 இன் வர்க்கம் 1225, 30 இன் வர்க்கம் 900. எனவே தடை 36 சதவீதம் கூடிவிடுகிறது. அதே காற்று முதுகுப் பக்கமிருந்து வீசினால் சார்புக் கதி 25. அதன் வர்க்கம் 625. தடை 31 சதவீதம் குறைந்துவிடுகிறது.

மணிக்கு 18 கிலோமீற்றர் என்பது புயல் அல்ல. காலிமுகத்திடலில் பட்டம் விடுகின்ற எவருக்கும் அது சாதாரணக் காற்று. அந்தச் சாதாரணக் காற்றே ஒரே அடியை ஒரு பக்கம் வலைக்கு அருகில் விழுத்தும், மறுபக்கம் கோட்டுக்கு வெளியே கொண்டுபோகும். டெனிஸ் ஆடுகளத்தின் நீளம் 23.77 மீற்றர். எதிராளியின் பின்கோட்டுக்கு ஓரடி உள்ளே விழுத்தப் பழகிய கைக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள்.

பக்கக் காற்றும் லேசுப்பட்டதல்ல. அதே 18 கிலோமீற்றர் காற்று குறுக்கே வீசினால், நிலத்தைத் தொடுமுன் ஒரு செக்கன் பறக்கும் பந்தை ஒரு மீற்றர் அளவுக்குத் தள்ளிவிடும். ஒற்றையர் ஆடுகளத்தின் அகலமே 8.23 மீற்றர்தான்.

உயரே எறியும் பந்து

காற்று முதலில் குழப்புவது பணிப்பை. சேர்விஸ் என்று நாம் சொல்லும் பணிப்பின்போது பந்தை ஒரு கையால் மேலே எறிந்து, அது இறங்கும் வேளையில் மறு கையிலுள்ள மட்டையால் அடிக்க வேண்டும். எறிந்த பந்து காற்றில் நிற்கும் நேரமெல்லாம் காற்றின் கைவசம்.

இதற்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாழ்வாக எறியப்பட்ட பந்து ஏறத்தாழ 0.9 செக்கன் வானில் நிற்கும். மிக உயரமாக எறியப்பட்டது 1.25 செக்கன் வரை நிற்கும். மணிக்கு 18 கிலோமீற்றர் காற்றில் முதலாவது பந்து சுமார் 20 சென்ரிமீற்றர் விலகுகிறது. இரண்டாவது சுமார் 40 சென்ரிமீற்றர் விலகுகிறது. விலகல் நேரத்தின் வர்க்கத்தோடு கூடுவதே இதற்குக் காரணம். மட்டையின் நரம்புப் பரப்பின் அகலம் 25 சென்ரிமீற்றர் அளவுதான். காற்றின் கதி இரட்டித்தால் இந்த விலகல்கள் நான்கு மடங்காகும்.

எனவே காற்று நாளில் அனுபவசாலிகள் பந்தைத் தாழ்வாக எறிவார்கள். எறிந்தது சரியில்லை என்றால் அடிக்காமல் பிடித்துவிடுவார்கள். மட்டையை வீசாமல் பந்தைப் பிடித்துவிட்டால் அது தவறாகக் கணக்கிடப்படாது என்பது விதி. இந்த விதி தெரியாமல், எறிந்த பந்தையெல்லாம் அடித்தே தீரவேண்டும் என்று எண்ணும் பிள்ளைகள் நிறையப் பேர். என் தங்கையும் அவர்களில் ஒருத்தி. அன்று அவள் இழந்த புள்ளிகளில் கணிசமானவை இரட்டைத் தவறுகளால் போனவை.

நியூயோர்க்கில் இரண்டு நாட்கள்

தொழில்முறை வீரர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டா என்று கேட்டால், 2012 ஆம் ஆண்டு அமெரிக்கப் பகிரங்க டெனிஸ் சுற்றுப்போட்டியே அதற்குச் சரியான பதில். செப்டெம்பர் 8 ஆம் திகதி சனிக்கிழமை ஆண்கள் ஒற்றையர் அரையிறுதிகள் நடைபெற்றன. அன்று காலை அதே குயின்ஸ் பகுதியின் கடற்கரையோரம் ஒரு சூறாவளிச் சுழல் தரைதட்டியது. ஆர்தர் ஆஷ் அரங்கு 23,000 பேருக்கு மேல் அமரக்கூடிய, அன்று கூரையில்லாத, கிண்ணம் போன்ற அமைப்பு. உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியின்றிச் சுழலும். எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று கொடியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

முதல் அரையிறுதியில் பிரித்தானியாவின் அண்டி மரேயும் செக் குடியரசின் தோமஸ் பேர்டிச்சும் மோதினர். பேர்டிச் 1.96 மீற்றர் உயரமானவர். பணிப்பின்போது பந்தை மிக உயரமாக எறிபவர். காற்றில்லாத நாளில் அவரது பலமான அந்தப் பணிப்பே அன்று அவருக்குப் பெரும் பாரமாயிற்று. முதற் செட்டை அவர் 7-5 என வென்றாலும், அடுத்த இரண்டையும் மரே 6-2, 6-1 எனக் கைப்பற்றினார். நான்காவதை 7-6 என முடித்து இறுதிப்போட்டிக்குப் போனார். இடையில் மரேயின் தொப்பி காற்றில் பறந்து, ஒரு புள்ளியைத் திரும்ப ஆடவும் நேர்ந்தது. ஸ்கொட்லாந்துக்காரரான மரேக்குக் காற்று புதிதல்ல. பந்தை எதிர்பார்த்த இடத்தில் கிடைக்காவிட்டால் அடியை அந்தக் கணத்திலேயே மாற்றிக்கொள்ளும் கை அவருடையது.

அடுத்த அரையிறுதி இன்னும் தெளிவான பாடம். சேர்பியாவின் நோவாக் ஜோக்கோவிச்சும் ஸ்பெயினின் டேவிட் பெரெரும் ஆடினர். பெரெர் 1.75 மீற்றர் மட்டுமே உயரமானவர். சின்னச் சின்ன அடிகளாக எடுத்துவைத்து ஓடிக்கொண்டேயிருப்பவர். காற்றில் ஜோக்கோவிச்சின் பந்துகள் கட்டுக்கு அடங்கவில்லை. பெரெர் 5-2 என முன்னிலையில் இருந்தபோது மோசமான வானிலை காரணமாக ஆட்டம் நிறுத்தப்பட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வானம் அமைதியாகிவிட்டது. பெரெர் முதற் செட்டை 6-2 என முடித்தார். அதன்பிறகு 6-1, 6-4, 6-2 என மூன்று செட்களையும் ஜோக்கோவிச் வாரிக்கொண்டார். அதே இருவர், அதே ஆடுகளம், அதே மட்டைகள். மாறியது வானிலை மட்டுமே.

திங்கட்கிழமை நடந்த இறுதிப்போட்டியில் மீண்டும் காற்று வந்தது. மரேயும் ஜோக்கோவிச்சும் 4 மணித்தியாலம் 54 நிமிடம் ஆடினார்கள். முதற் செட்டில் ஒரே ஒரு புள்ளிக்காக 54 அடிகள் மாறிமாறி அடிக்கப்பட்டன. வலுவாக அடித்து முடிக்கப்போனால் காற்று பந்தைக் கொண்டுபோய்விடும் என்று இருவரும் அஞ்சியதும் இத்தகைய நீண்ட புள்ளிகளுக்கு ஒரு காரணம். மரே ஐந்து செட்களில் வென்றார். 1936 இல் பிரெட் பெரி வென்றபின், 76 ஆண்டுகள் கழித்து ஒரு பிரித்தானிய ஆணுக்கு ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் பட்டம் கிடைத்தது. 2016 இல் அந்த அரங்குக்குத் திறந்து மூடும் கூரை வந்தது. கூரையைத் தாங்கும் கட்டமைப்பினால், அது திறந்திருக்கும் நாட்களிலும் உள்ளே காற்று முன்னரைவிடக் குறைந்துவிட்டது.

காற்றைக் கையாளும் முறைகள்

இதிலிருந்து நாம் அறிவது என்ன? காற்று எல்லோரையும் சமமாகத் தாக்குவதில்லை. பெரிய வீச்சு, உயர்ந்த எறிதல், கோட்டை உரசும் குறி ஆகியவற்றை நம்பி ஆடுபவரை அது அதிகம் தாக்குகிறது. குறுகிய வீச்சும் இலேசான கால்களும் பொறுமையும் உள்ளவரைக் குறைவாகத் தாக்குகிறது.

எதிர்க்காற்றில் ஆடும்போது துணிந்து பலமாக அடிக்கலாம். காற்றே பந்தை உள்ளே விழுத்தித் தரும். எதிராளியை ஏமாற்றி வலைக்கு அருகே மெதுவாக விழுத்தும் பந்துக்கும், தலைக்கு மேலாக உயர்த்தி அடிக்கும் பந்துக்கும் இதுவே நல்ல பக்கம். காற்று முதுகில் இருந்தால் வீச்சைச் சுருக்க வேண்டும். பந்துக்கு முன்சுழற்சி கொடுத்து அதைக் கீழே இறக்க வேண்டும். உயர்த்தி அடிக்கும் ஆசையை விட்டுவிட வேண்டும். பக்கக் காற்றில் கோட்டைக் குறிபார்க்காமல் ஒரு மீற்றர் உள்ளே குறிபார்க்க வேண்டும். எந்தக் காற்றானாலும் கால்கள் நிற்கக் கூடாது. பந்து கடைசிக் கணத்திலும் விலகும் என்பதால் சிறிய அடிகளாக வைத்துத் தயாராக இருக்க வேண்டும்.

சுழற்சிக்கும் காற்றுக்கும் உள்ள உறவை நாம் கிரிக்கெட்டில் நன்கு அறிவோம். முத்தையா முரளிதரன் தமது 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டை 2010 ஜூலையில் காலி மைதானத்தில் வீழ்த்தினார். கோட்டை மதிலுக்குக் கீழே, கடலை ஒட்டிய மைதானம் அது. சுழற்பந்து வீச்சாளர்கள் எதிர்க்காற்றில் வீசுவதை விரும்புவது ஏன் என்றால், சுழலும் பந்து எதிர்க்காற்றில் கூடுதலாக வளைந்து, துடுப்பாட்டக்காரர் எதிர்பார்த்ததற்கு முன்பே இறங்கும். டெனிஸில் முன்சுழற்சி செய்யும் வேலையும் இதுவே.

பலத்தைவிடக் கைநுட்பம் மேல் என்பதற்குத் தமிழகத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. சென்னையைச் சேர்ந்த ராமநாதன் கிருஷ்ணன் 1954 இல் விம்பிள்டன் கனிஷ்ட பட்டத்தை வென்றவர். 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் அங்கேயே அரையிறுதி வரை வந்தவர். அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979 இல் அதே கனிஷ்ட பட்டத்தை வென்றார். 1989 அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியில் அப்போது உலகின் முதல்தர வீரராயிருந்த மற்ஸ் விலாண்டரையும் தோற்கடித்தார். இருவருடைய பணிப்பும் வேகத்துக்குப் பேர்போனதல்ல. பந்தை எங்கே வைப்பது என்ற அறிவே அவர்களது ஆயுதம். எமது காலத்தில் துனீசியாவின் ஒன்ஸ் ஜபேர் அப்படிப்பட்ட ஆட்டக்காரி. வலையோரம் மெதுவாக விழுத்தும் பந்துகளுக்குப் பெயர்பெற்ற அவர் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் இறுதிப்போட்டியில் ஆடினார்.

உடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எம் போன்ற பிள்ளைகள் ஸ்காபோடு விளையாடுகிறோம். ஊசி குத்திய ஸ்காப் காற்றில் அவிழ்ந்து கண்ணை மறைத்தால் புள்ளியும் போகும், கவனமும் போகும். தலையோடு ஒட்டி நிற்கும், ஊசி தேவைப்படாத விளையாட்டு ஸ்காப் இப்போது கிடைக்கிறது. மகளிர் டெனிஸ் சங்கமும் 2019 பருவத்திலிருந்து, பாவாடையின்றி நீண்ட இறுக்கமான காற்சட்டையோடு மட்டும் ஆடலாம் என்று விதியில் தெளிவாக எழுதிவிட்டது. ஆகவே உடுப்பு ஒரு தடை என்று பெற்றோர் எண்ணத் தேவையில்லை.

வாப்பாவின் கேள்விக்குப் பதில்

காற்றுக்குத் தோற்றாளா, திறமை இல்லாமல் தோற்றாளா? டெனிஸ் விதியிலேயே இதற்குப் பாதி விடை இருக்கிறது. முதலாவது ஆட்டம் முடிந்ததும், பிறகு மூன்றாவது, ஐந்தாவது என ஒவ்வொரு ஒற்றை எண் ஆட்டம் முடிந்ததும் இருவரும் பக்கம் மாற வேண்டும். ஒருவருக்கு முதுகில் வீசிய காற்று சில நிமிடங்களில் மற்றவருக்கு முதுகில் வீசும். ஆகவே காற்று யாருக்கும் சொந்தமில்லை. அன்று வென்ற பிள்ளையும் அதே காற்றில்தான் ஆடினாள். அவள் தாழ்வாக எறிந்தாள், நடுவே அடித்தாள், பொறுத்திருந்தாள். என் தங்கை அமைதியான காலை வேளையில் பழகிய அடிகளையே அந்தப் பின்னேரத்திலும் அடித்துக்கொண்டிருந்தாள்.

மற்றப் பாதி விடை இது: காற்றில் ஆடுவது தனியாகப் பழக வேண்டிய ஒரு திறமை. அவளுக்கு அது இல்லாமல் போனது, யாரும் அதைப் பழக்காததால். கொழும்பில் வெயில் ஏறியதும் தரை கடலைவிட விரைவாகச் சூடாகிறது. தரைமேல் உள்ள வளி சூடாகி மேலெழ, கடல்மேலுள்ள குளிர்ந்த வளி அந்த இடத்துக்கு வருகிறது. பின்னேரக் கடல்காற்று பிறப்பது இப்படித்தான். அவளுடைய போட்டிகளில் பல பின்னேரத்தில், பயிற்சியோ விடிகாலையில். ஆக, பாடத்தில் இல்லாத பகுதியிலிருந்து பரீட்சைக் கேள்வி வந்திருக்கிறது.

கணக்கையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வாப்பாவிடம் காட்டினேன். உம்மாவும் அருகில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாப்பா இரண்டு தடவை வாசித்துவிட்டு, “அப்போ பிள்ளைக்குத் திறமை இல்லை என்று முடிவெடுக்கிறதுக்கு இன்னும் காலம் வரல்ல” என்றார். வகுப்புகளுக்கு இடைஞ்சல் இல்லாதபடி வாரத்தில் ஒரு நாள் பயிற்சியைப் பின்னேரத்துக்கு மாற்றச் சொல்லிப் பயிற்றுநரோடு பேசினார். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது விளையாட்டை நிறுத்துவது என்றும் உடன்பாடாயிற்று. தங்கை முதல் இரண்டு வாரமும் பணிப்பை மட்டுமே பழகினாள். தாழ்வாக எறிவது, சரியில்லை என்றால் பிடித்துவிடுவது. மூன்றாம் வாரம் வந்து, “தாத்தா, இன்டைக்கு ஆறு தரம் பிடிச்சன், ஒருத்தரும் ஒன்டும் சொல்லல்ல” என்றாள்.

விளையாடும் பிள்ளைகளை உடைய பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். காற்று பலமாக இருக்கிறது என்பதற்காகப் பயிற்சியை நிறுத்தாதீர்கள். இடிமின்னல் உள்ளபோது நிச்சயம் வீட்டில் நிற்கட்டும். வெறும் காற்றென்றால் போகட்டும். விளையாடும் தோழியருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஆடுகளத்தில் இறங்கியதும் மரக்கிளையையும் கொடியையும் பாருங்கள். சில புல்லை அல்லது சருகைக் கையிலெடுத்துப் பறக்கவிடுங்கள். நாணயச் சுழற்சியில் வென்றால், பணிப்பைத்தான் கேட்க வேண்டும் என்றில்லை, பக்கத்தையும் தெரிவுசெய்யலாம் என்பதை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு தடவை பக்கம் மாறும்போதும், இப்போது காற்று எங்கிருந்து வருகிறது என்று உங்களையே கேளுங்கள். முகத்துவாரத்துப் படகுக்காரர் ஒவ்வொரு நாளும் கடலில் இறங்குமுன் கேட்கும் கேள்வியும் அதுவே.